பூனைக்குத் தைராய்டு: மாத்திரையா, ஜெல்லா, ஊசியா?

கேள்வி: எங்கள் பூனைக்கு 13 வயது. வயிறாரச் சாப்பிட்டும் ஆறு மாதத்தில் 5 கிலோவிலிருந்து 3.8 கிலோவுக்கு இளைத்துவிட்டது. ரத்தத்தில் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம். தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறதாம். மாத்திரை, காதில் தடவும் ஜெல், தனி உணவு, கதிரியக்க அயோடின் ஊசி என நான்கு வழி சொல்கிறார்கள். எதற்குச் செலவு செய்வது?

பதில்: மாத்திரையில் தொடங்குங்கள். காரணம் சிறுநீரகம். தைராய்டு மிகும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. தசையும் கரைவதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் குறைவாகவே வரும். உள்ளே சிறுநீரக நோய் இருந்தாலும் தெரியாது. டி4 இறங்கிய பிறகே உண்மை நிலை வெளிப்படும். மாத்திரையை அப்போது குறைக்கலாம். கதிரியக்க ஊசியையோ அறுவையையோ திரும்பப் பெற முடியாது.

மருந்து மெத்திமசோல். பெரும்பாலும் 1.25 முதல் 2.5 மி.கி., நாளுக்கு இருவேளை என்று தொடங்குவார்கள். கடையில் வெறுமனே ‘தைராய்டு மாத்திரை’ என்று கேட்காதீர்கள். மனிதர்களுக்கு அதிகம் விற்பது லெவோதைராக்சின். அது நேர் எதிர் மருந்து, நோயை இன்னும் ஏற்றிவிடும். கார்பிமசோல் தந்தால் அளவு ஒன்றல்ல: அதன் 10 மி.கி., மெத்திமசோல் 6 மி.கி.க்குச் சமம். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

மாத்திரையோடு செலவு முடியாது. இரண்டு, மூன்று வாரத்தில் டி4, கிரியாட்டினின், ரத்த அணுக்கள் மூன்றையும் மறுபடி பாருங்கள். ரத்த அழுத்தத்தை இப்போதே அளக்கச் சொல்லுங்கள். அது ஏறினால் விழித்திரை கழன்று பூனை திடீரெனப் பார்வை இழக்கும். முதல் மூன்று மாதத்தில் முகத்தைப் புண்ணாகும்வரை சொறிந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, அடுத்த வேளை கொடுக்கும் முன் மருத்துவரை அழையுங்கள்.

வாயைத் திறக்கவே விடாத பூனைக்கு இதே மருந்தின் ஜெல் நல்லது, வாந்தியும் குறையும். கையுறை போட்டு, காதின் உள்மடலில், காதை மாற்றி மாற்றித் தடவ வேண்டும். பழைய படிவை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. காலாவதித் தேதியைப் பார்த்து, சிறிய அளவாக வாங்குங்கள்.

அயோடின் குறைத்த உணவு, அதைத் தவிர வேறெதையும் தின்னாத பூனைக்கு மட்டுமே பலிக்கும். வெளியே திரியும் பூனை என்றால் வாங்காதீர்கள்.

மாத்திரையில் டி4 அடங்கி, சிறுநீரகமும் தாக்குப்பிடித்தால், கதிரியக்க அயோடினுக்குப் பணம் சேர்ப்பதே என் பரிந்துரை. பெரும்பாலான பூனைகளுக்கு ஒரே ஊசியில் குணமாகிறது. கதிர்வீச்சு இறங்கும்வரை பூனை சிகிச்சை தரும் இடத்திலேயே தங்க வேண்டும். வீடு திரும்பியதும் சில வாரம் மலத்தட்டைக் கையாள்வதில் கவனம் தேவை. எத்தனை நாள் என்று பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அறிகுறிகள் எல்லாம் இருந்தும் டி4 இயல்பு என்று வந்திருக்கிறது. தைராய்டு இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். வேறு நோய் இருந்தால் டி4 தாழ்ந்து காட்டும். நாளுக்கு நாள் ஏறி இறங்கவும் செய்யும். வயதான பூனைக்கு இயல்பு வரம்பின் மேல்பாதியில் இருந்தாலே சந்தேகம்தான். சில வாரம் கழித்து டி4, கட்டற்ற டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டற்ற டி4 மட்டும் உயர்ந்திருந்தால் அதை நம்பி மருந்து தொடங்கக் கூடாது. தைராய்டு சரியாக உள்ள நோயாளிப் பூனைகளிலும் அது உயர்வதுண்டு.