பத்தாம் வகுப்புக் கணக்கை ஏழாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள்

ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் கணிதத்தில் 38 மதிப்பெண் எடுத்த மகனை வாரத்தில் மூன்று நாள் மலையிலிருந்து இறக்கிச் சேலத்தில் டியூஷனுக்கு அனுப்பலாமா என்பது முதல் கேள்வி. வீட்டுக்கு வந்து பேசிய ஒரு தனியார் நிறுவனத்தின் முகவர் சொன்னபடி, அவர்களுடைய பாடச் செயலியை மாதத் தவணையில் வாங்கலாமா என்பது இரண்டாவது. உறவினர் ஒருவர் சொன்ன கான் அகாடமி என்ற இலவச இணையவழிப் பயிற்சியே போதுமா என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் ஆகஸ்டு வரை ஒத்திவையுங்கள், மூன்றாவதை இந்த வாரமே தொடங்குங்கள் என்பது என் பதில். ஆனால், பத்தாம் வகுப்பின் முதல் பாடத்திலிருந்து அவனை அதில் உட்கார வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை.

காரணத்தை ஒரு கணக்கின் வழியாகவே சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பாடநூலின் ஐந்தாவது இயல் ஆயத்தொலை வடிவியல். அதில் இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, அவற்றை இணைக்கும் கோட்டின் சாய்வைக் கேட்பார்கள். (−2, 3), (4, −5) என்பவை புள்ளிகள் என்றால், பின்னத்தின் மேலே −5−3, கீழே 4−(−2). அதாவது −8-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும், விடை −4/3. சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவன் சூத்திரத்தைப் பிழையின்றி எழுதி, எண்களைச் சரியான இடத்தில் வைத்து, கீழே மட்டும் 4−2 என்று போட்டு −4 என்று முடித்திருந்தான். "சாய்வு வரவில்லை" என்று அவனுடைய டியூஷன் ஆசிரியர் அதே சூத்திரத்தை இருபது முறை எழுத வைத்திருந்தார். அவனுக்குச் சாய்வு நன்றாகவே தெரிந்திருந்தது. குறை எண்ணைக் கழித்தால் கூட்டலாக மாறும் என்ற ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடம்தான் தெரியவில்லை. அந்த ஒரு குறை இருபடிச் சமன்பாட்டிலும், அணிகளிலும், தொடர்வரிசையிலும் வேறு வேறு வேடத்தில் வந்து நின்றது.

நாற்பதுக்குக் கீழே மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பார்த்தவரை, எனக்குப் பெரும்பாலும் தென்படுபவை மூன்றே இடங்கள்: குறை எண்கள், பின்னங்கள், அடைப்புக்குறியை நீக்குதல். −3(x−4) என்பதை, −3x+12 என்பதற்குப் பதிலாக −3x−12 என்று தவறாக எழுதாத பலவீனமான மாணவனை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இவை அனைத்தும் பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவை. பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு எட்டு இயல்களை முடிக்க வேண்டிய அவசரம் இருப்பதால், அவரால் அங்கே திரும்பிப் போக இயலாது. பதினைந்து வயதுப் பையன், டியூஷனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவும் மாட்டான். இலவச இணையப் பயிற்சியின் மிகப் பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான். யாருக்கும் தெரியாமல், வெட்கப்படாமல், வேண்டிய அளவு கீழே இறங்கிப் படித்துவிட்டு மேலே வரலாம்.

கான் அகாடமியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் (நடிகர் அல்லர், பெயர் ஒற்றுமைதான்) 2004-இல் வேறு ஊரில் இருந்த தம் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதே இதன் ஆரம்பம். 2008 முதல் இது இலாப நோக்கமற்ற அமைப்பாக இயங்குகிறது. பாடங்களுக்கும் பயிற்சிகளுக்கும் கட்டணம் கிடையாது. அதில் இந்திய வகுப்புகளுக்கென்று தனித்தொகுப்பு உண்டு. ஆனால் அது மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலைத் தழுவியது, நம் மாநிலப் பாடநூலோடு முழுமையாகப் பொருந்தாது. சார்புகள், பெருக்குத் தொடர்வரிசை, அணிகள் ஆகியவை நம் பத்தாம் வகுப்பில் உள்ளன, அந்தப் பத்தாம் வகுப்புத் தொகுப்பில் இல்லை. சார்புகளும் தொடர்வரிசைகளும் அங்கே அல்ஜீப்ரா 1 என்ற பாடத்திலும், அணிகள் பிரீகால்குலஸ் என்ற பாடத்திலும் இருக்கின்றன. நம் இரண்டாம் இயலில் வரும் மட்டு எண்கணிதம் (வகுத்தபின் வரும் மீதியை வைத்துப் போடும் கணக்கு) கணினிப் பகுதியில், செய்திகளை மறைத்து எழுதும் மறைகுறியீட்டியல் பாடத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தேடினால் கிடைக்கும்; ஆனால் வரிசையாகப் படித்துக்கொண்டு போகிற பிள்ளை அதைச் சந்திக்கவே மாட்டான்.

உங்கள் மகன் செய்ய வேண்டியது இது. ஜூன், ஜூலை இரண்டு மாதங்களும் ஏழாம் வகுப்பு, பிறகு எட்டாம் வகுப்பு இந்தியத் தொகுப்புகளைத் திறந்து, காணொளியைப் பார்க்காமல் நேராக அலகுத் தேர்வை எழுத வேண்டும். எந்தெந்தத் திறனில் பிழை வருகிறதோ அதை மட்டும் படித்தால் போதும், மற்றவற்றைத் தாண்டிவிடலாம். தெரிந்ததையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருப்பது படிப்பதைப் போலவே தோன்றும் ஓர் ஓய்வு. நாளுக்கு நாற்பத்தைந்து நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள் போதுமானது.

இந்த இடத்தில் என் பழைய பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையப் பாடங்கள் புதிதாக வந்த காலத்தில், அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெற்றோரிடம், "காணொளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் மூன்று மாதம் ஒன்று விடாமல் பார்த்தாள். அரையாண்டுத் தேர்வில் முன்பைவிடக் குறைவாக எடுத்தாள். ஒருவர் அழகாகப் போட்டுக்காட்டும் கணக்கைப் பார்க்கும்போது எல்லாமே புரிந்ததுபோல் இருக்கும், தானே போடும்போதுதான் கை நிற்கும். அன்றிலிருந்து நான் வைக்கும் நிபந்தனை, திரையின் முன் ரஃப் நோட்டும் பேனாவும் இல்லாமல் உட்காரக் கூடாது என்பதே. மனக்கணக்காகவோ நான்கு விடைகளில் ஒன்றை ஊகித்தோ தட்டினால், அந்தப் பயிற்சி ஒரு விளையாட்டுச் செயலியாகிவிடும். கணக்கைப் படம் பிடித்தால் விடையைப் படிப்படியாகக் காட்டும் செயலிகளை, பொதுத் தேர்வு முடியும்வரை அந்தக் கைப்பேசியில் வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு பயிற்சியிலும் சில கேள்விகள் வரும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தால்தான் அந்தத் திறனில் தேர்ந்தவன் என்று அது காட்டும். 70 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் பழக்கம் உண்டு என்ற நிலை மட்டுமே கிடைக்கும். குறிப்பைத் திறந்துவிட்டால் அந்தக் கேள்வி தவறியதாகவே கணக்கிடப்படும். இது பையன்களுக்குக் கோபமூட்டும், ஆனால் நியாயமானது. அதற்கும் மேலான முழுத் தேர்ச்சி நிலை, அலகுத் தேர்வில் அந்தத் திறன் மீண்டும் வரும்போது சரியாகச் செய்தால் கிடைப்பது. தவறிய ஒவ்வொரு கணக்கையும் ஒரு தனி நோட்டில், தான் போட்ட தவறான வழியோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இருபது பிழைகள் சேர்ந்ததும் அவற்றில் பதினைந்து ஒரே வகையாக இருப்பதை அவனே பார்ப்பான்.

தமிழ் வழியில் படிப்பவனுக்கு ஆங்கிலம் தடையாகுமே என்று கவலைப்படுகிறீர்கள். தடைதான், ஆனால் சிறியது. கணக்கின் ஆங்கிலம் நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி பிரித்து, சாய்வுக்கு எதிரே ஸ்லோப், பின்னத்துக்கு எதிரே பிராக்ஷன் என்று எழுதிவரட்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு கல்லூரியில் இந்தச் சொற்கள் எப்படியும் வந்து சேரும். அமெரிக்கப் பாடங்களில் சரிவகத்தை டிரபீசாய்டு என்பார்கள், நம் ஆங்கிலப் பாடநூல்கள் டிரபீசியம் என்கின்றன. இப்படிச் சில வேறுபாடுகள் வரும். கருத்தே புரியாதபோது தமிழில் கேட்பதுதான் நல்லது. பாடநூலில் அச்சிட்டிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை அரசின் தீக்ஷா என்ற பாடச் செயலியால் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியிலும் மாநிலப் பாடத்திட்டப்படியே தமிழில் விளக்கங்கள் உண்டு. இரண்டும் இலவசம். விளக்கத்துக்கு இவை, பயிற்சிக்குக் கான் அகாடமி என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதை நான் அறிவேன். மழைக்காலத்தில் மின்சாரமும் அப்படித்தான். காணொளிதான் டேட்டாவைத் தின்னும், பயிற்சிப் பக்கங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆகவே சிக்னல் நன்றாக இருக்கும் அதிகாலையில் பயிற்சியை முடித்துவிட்டு, வேண்டிய காணொளிகளைக் குறைந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது, இந்தப் பயிற்சி தராத ஒன்றைப் பற்றி. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் வீதம் இரண்டு வினாக்கள், மொத்தம் 16 மதிப்பெண். ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். காம்பஸைப் பிடித்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதையும், கிராஃப் தாளில் அளவுத்திட்டம் எழுதிப் புள்ளிகளைக் குறித்துப் பரவளையத்தைக் கையால் வரைவதையும் எந்தத் திரையாலும் திருத்திக்கொடுக்க முடியாது. தேர்ச்சிக்குத் தேவையான 35-இல் ஏறக்குறைய பாதி இங்கேயே இருக்கிறது. ஞாயிறுதோறும் ஒரு வரைபடமும் ஒரு வடிவியல் படமும் கூரான பென்சிலால் வரைந்து, திங்களன்று பள்ளியில் கணக்கு ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆகஸ்டு முதல் பள்ளிப் பாடத்தோடு சேர்ந்து போகட்டும். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு, அதாவது ஜனவரி முதல், இணையத்தை மூடிவிட்டுப் பாடநூலின் பயிற்சிக் கணக்குகளையும் பழைய வினாத்தாள்களையும் மட்டும் போட வேண்டும்.

சேலம் டியூஷன் குறித்து: மாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, இரவில் அவற்றையே ஏறி வரும் பிள்ளை, வீடு சேர்ந்ததும் தூங்கத்தான் செய்வான். ஆகஸ்டுக்குப் பிறகும் தடுமாறினால், ஏற்காட்டிலேயே ஓர் ஆசிரியரைப் பார்த்துச் சனிக்கிழமை மட்டும் ஏற்பாடு செய்யலாம். தவணைச் செயலியைப் பொறுத்தவரை, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பையன் பார்ப்பதை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

பொறியியல் ஆசையைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணை மொத்தம் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். அதில் 100 கணிதம், மீதியில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கணக்கில் இழப்பதை வேறெங்கும் ஈடுகட்ட இயலாது என்பதால், பிளஸ் ஒன்னில் கணிதம் உள்ள பிரிவைக் கேட்பதற்கு முன் இந்த அடித்தளம் அவசியமாகிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான் என்கிறீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் "பிளஸ் ஒன்னுக்கு நல்ல தனியார் பள்ளி" என்று யார் சொன்னாலும், இந்த ஒதுக்கீட்டை இழக்கிறோம் என்பதை அறிந்தபின் முடிவெடுங்கள்.

கணக்கு அறுபதைத் தாண்டவில்லை என்றாலும் வழி மூடிவிடாது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இயந்திரத்தில் கை வைக்க ஆசைப்படும் பையனுக்கு அது சில வேளைகளில் பிளஸ் டூவைவிடப் பொருத்தமான பாதை. அதைப் பற்றி இப்போதே அவனிடம் பேச வேண்டாம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு விடைத்தாள் கிடைத்தால் அதையும், அந்தப் பிழை நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். காலையிலேயே வந்துவிட்டால், திரும்பும் பேருந்தைப் பற்றிய பதற்றம் இல்லாமல் நிதானமாகப் பார்க்கலாம்.