93 மதிப்பெண் சிகாரும் என் நாக்கும்

வணக்கம் சார்,

ஒரு வருடமாக எப்போதாவது நல்ல சிகார் பிடிக்கிறேன். போன மாதம் நிகரகுவா ரொபஸ்டோ ஒன்று கிடைத்தது. விமர்சனத்தில் அதற்கு 93 மதிப்பெண். கோக்கோ, சிடார் மரம், பதனிட்ட தோல், வெண்மிளகு, முடிவில் காபி என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது முதலில் காரம், அப்புறம் வெறும் புகை, கடைசியில் கசப்பு. பாதி தாண்டியதும் தலை சுற்றியது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு ஏமாற்றத்தோடு எழுந்தேன். என் நாக்கில் கோளாறா, அல்லது இந்த வர்ணனைகளே கட்டுக்கதையா? ஒரு சிகாரை எப்படி மதிப்பிடுவது?

கே.

அன்புள்ள கே.,

நாக்கில் கோளாறு இல்லை, வர்ணனையும் கட்டுக்கதை இல்லை. விஷயம் நீங்களே எழுதியிருக்கும் அந்த ‘அரை மணி நேரத்தில்’தான் இருக்கிறது.

ரொபஸ்டோ என்றால் சுமார் 5 அங்குல நீளம், 50 ரிங். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. ஆக ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிமன். நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வரும். அரை மணியில் முடிந்திருக்கிறது என்றால் நுனி கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சூடு ஏறிவிட்டால் எவ்வளவு நல்ல புகையிலையும் கருகிக் கசக்கும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். நடுவே அணைந்தால் சாம்பலைத் தட்டிவிட்டு மறுபடி பற்ற வைத்துக்கொள்ளலாம், தவறே இல்லை. அணைந்துவிடுமோ என்று பயந்து இழுத்துக்கொண்டே இருப்பதுதான் சுவையைக் கெடுக்கிறது.

அடுத்தது மூக்கு. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி அவ்வளவுதான். மிளகுக் காரம் என்பது சுவை கூட இல்லை, நரம்பில் உறைக்கும் எரிச்சல். கோக்கோ, சிடார், தோல் எல்லாமே வாசனை. தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கை அடைந்தால்தான் தெரியும். சிகார் புகையை நுரையீரலுக்குள் இழுக்கக் கூடாது. ஆகவே அந்த வாசனையை மூக்குக்கு நாமே அனுப்ப வேண்டும். புகையை வாயில் ஓரிரு நொடி வையுங்கள். முக்கால்வாசியை வாய் வழியே விட்டுவிடுங்கள். உதட்டை மூடி, மிச்சத்தை மூச்சு வெளிவிடுவதுபோல மெல்ல மூக்கு வழியே விடுங்கள். இதைத்தான் ரெட்ரோஹேல் என்கிறார்கள். முதல் தடவை கண்ணில் நீர் வரும். அளவைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். அதுவரை ‘வெறும் புகை’யாக இருந்தது சட்டென்று பிரியும்: முன்னால் ஒரு சுருக்கென்ற காரம், அது அடங்கியதும் மரப்பெட்டியைத் திறந்ததுபோல ஒரு வாசனை, கடைசியாக வறுத்த கொட்டையின் இனிப்பு. ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை செய்தால் போதும்.

தலை சுற்றியது நிகோடினால். சிகார் புகை காரத்தன்மை (நாக்கில் உறைக்கும் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ளது. உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் ரத்தத்தில் கலக்கும். வெறும் வயிற்றில், அதுவும் வேகமாகப் பிடித்தால் கேட்கவே வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உள்ளே இழுக்கவில்லை என்பதால் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து போய்விடுவதில்லை. எப்போதாவது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத் தாண்டாதீர்கள்.

சரி, மதிப்பீட்டுக்கு வருவோம். பற்ற வைப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். விரலால் நீளவாக்கில் மெல்ல அழுத்திப் பாருங்கள். கல்போல ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் இழுப்பு அடைபடும். ஒரு இடம் பொதபொதவென்று அமுங்கினால் அங்கே சூடேறும். தலைப்பக்கத் தொப்பியை, அதாவது வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் சின்ன இலைத் துண்டை மட்டும் வெட்டுங்கள். தோள் தாண்டி, அதாவது அந்த முனையின் வளைவு முடியும் இடத்தைத் தாண்டி வெட்டினால் மேலே சுற்றிய இலை பிரியத் தொடங்கும். வெட்டியதும் பற்ற வைக்காமல் ஒரு முறை இழுங்கள். காற்று லேசான தடையோடு வர வேண்டும்.

சாம்பல் வெள்ளையாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்று ஒரு நம்பிக்கை உண்டு. சாம்பலின் நிறம் பெரும்பாலும் மண்ணில் இருந்த தாதுக்களைப் பொறுத்தது, அதற்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. உதிராமல் நிற்கிறதா என்பதைப் பார்ப்பேன். உள்ளே முழு இலைகள் வைத்து ஒழுங்காகச் சுற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். நெருப்பு கோணலாக எரிந்தால் உடனே சிகாரைக் குறை சொல்ல வேண்டாம். காற்றடித்திருக்கலாம், சரியாகப் பற்ற வைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அமோனியா நெடி வந்தால் நான் மன்னிப்பதில்லை. புகையிலை சரியாக நொதித்து ஆறுவதற்குள் அவசரமாக விற்பனைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

வீரியத்தையும் சுவையையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செடியின் உச்சியில் வெயில் வாங்கிப் பழுக்கும் லிஹேரோ இலையில் நிகோடின் அதிகம், எரிவதும் மெதுவாக. அதனால்தான் அதைச் சிகாரின் நடுவில் வைத்துச் சுற்றுகிறார்கள். லிஹேரோ கூடினால் வீரியம் கூடும், சுவை கூடும் என்று உத்தரவாதம் இல்லை. கனெக்டிகட் நிழல் இலை (நிழலில் வளர்த்த மெல்லிய மேலிலை) சுற்றிய மென்மையான சிகாரில் நுணுக்கமான வாசனைகள் ஏராளமாக இருக்கும். உங்களுக்கு இப்போது அதுதான் ஏற்றது.

அந்த 93க்கு வருகிறேன். 1992இல் தொடங்கிய ‘சிகார் அஃபிசியனாடோ’ இதழ் சிகாரைச் சுற்றியிருக்கும் பெயர்ப் பட்டையைக் கழற்றிவிட்டு, எந்தச் சிகார் என்று தெரியாமல் பிடித்துத்தான் மதிப்பிடுகிறது. நேர்மையான முறை. அவர்களின் 100இல் தோற்றத்துக்கும் கட்டுமானத்துக்கும் 15, சுவைக்கு 25, எரியும் விதத்துக்கு 25. மீதி 35 மொத்தத்தில் மனதில் நின்றதற்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடிப்பவரின் மனசு! அதோடு, கையால் சுற்றுகிற பொருள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அவர்கள் பிடித்தது 65–70 சதவீத ஈரப்பதத்தில் இருந்திருக்கும். உங்களுடையது வழியில் எப்படி இருந்ததோ. ஈரம் கூடினால் அணைந்து அணைந்து கசக்கும், காய்ந்துபோனால் வேகமாக எரிந்து சுடும்.

நான் அதிகம் மதிப்பது மாற்றத்தை. சிகாரை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் முடியும்போது ஒரே ஒரு வரி எழுதுங்கள், உங்கள் சொந்த வார்த்தையில். ‘மண் வாசனை, கொஞ்சம் இனிப்பு’ என்றால் போதும், தோலும் சிடாரும் தானாக வரட்டும். மூன்று வரிகளும் ஒன்றாகவே இருந்தால் அது சுமாரான சிகார். நல்ல கலவையில் தொடக்கத்துக் காரம் இரண்டாம் பங்கில் தணிந்து, புகை வாயில் பாலாடைபோலக் கனக்கும். மூன்றாம் பங்கில் கனம் ஏறினாலும் கசப்பு மேலே வராது. அந்த மூன்றாம் பங்கில்தான் நிறைய விலை உயர்ந்த சிகார்கள் தோற்றுப்போகின்றன.

அதே ரொபஸ்டோ இன்னொன்று கிடைத்தால் சில வாரம் ஹியூமிடரில் (ஈரப்பதம் குறையாமல் காக்கும் பெட்டியில்) வைத்திருந்து, சாப்பிட்ட பிறகு, தண்ணீரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பிடியுங்கள். அப்போதும் கசந்தால் அது உங்களுக்கான சிகார் இல்லை. பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். எழுதிய மூன்று வரிகளை எனக்கு அனுப்புங்கள்.