ரிஃபைனரில சாதா போன் வைக்காம தனி இன்டர்காம் பெட்டி வைக்கிறது ஏன்?

கேஸ் பிளான்ட், ரிஃபைனரி மாதிரி இடத்துல தூண்ல மாட்டியிருக்கிற, ‘எக்ஸ்ப்ளோஷன் ப்ரூஃப்’னு சொல்ற கனமான பெட்டி போன்தான் இது, பட்டன அமுக்குனா நெட்வொர்க் கேபிள் வழியா கன்ட்ரோல் ரூம் ஆளு லைன்ல வந்துடுவாரு.

வீட்ல சிலிண்டர் லீக் ஆனா லைட் ஸ்விட்ச தொடாதேன்னு அம்மா கத்துவாங்கல்ல, அதே பயம்தான் இங்கயும், போனுக்குள்ள வர்ற சின்ன தீப்பொறியே போதும் கேஸ் பத்திக்க. அதனால பெட்டியோட மூடி சேர்ற இடுக்க ரொம்ப குறுகலா செஞ்சிருப்பாங்க, உள்ள கேஸ் புகுந்து பத்திக்கிட்டாலும் அந்த இடுக்கு வழியா வெளிய வர்றதுக்குள்ள சூடு அடங்கிடும், வெளிய இருக்கிற கேஸ் பத்திக்காது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அந்த இடுக்குதான். சில மாடல்ல, பொறி வந்தாலும் பத்த வைக்க முடியாத அளவுக்கு கரண்ட்டையே கம்மி பண்ணிடுவாங்க.

எக்ஸ்ப்ளோஷன் ப்ரூஃப்னா வெளிய வெடிச்சாலும் பெட்டி தப்பிச்சிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, உள்ள வெடிச்சது வெளிய பரவாதுன்னுதான் அர்த்தம்.