பெரியவர்களுக்கு வீட்டை மாற்றுவது: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் இருபது வருஷமாக வீட்டு மராமத்து வேலை எடுத்துச் செய்கிறேன். வயசானவங்க இருக்கிற வீட்டில் என்ன மாற்றலாம் என்று கேட்டிருந்தீர்கள், தெரிஞ்சதைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, அம்மாவுக்கு 74 வயசு. பாத்ரூமில் பிடிச்சு எந்திரிக்க டவல் கம்பி போதாதா?

போதாது. எங்கம்மாவுக்கு நானே அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு நாள் கம்பி, திருகு, பிளாஸ்டிக் கட்டை எல்லாம் சேர்ந்து அம்மா கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டதால் முழங்கை சிராய்ப்போடு போச்சு. டவல் கம்பி துண்டு தொங்கத்தான், ஆள் எடையைத் தாங்காது. எவர்சில்வர் கைப்பிடி வாங்குங்க, ஒன்றரை அங்குலத்துக்குள் தடிமன் இருந்தால் பிடி நன்றாக இருக்கும், சுவருக்குள் விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கணும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரென்றால் அந்த இடத்தைக் கொத்திக் கான்கிரீட் போட்டு, அது இறுகின பிறகு மாட்டணும். எங்கே மாட்டுவது? கொத்தனாரைக் கேட்காதீங்க, சுவரைப் பாருங்க. அம்மா தினமும் ஊன்றி எழுகிற இடத்தில் எண்ணெய்க் கை பட்டுக் கறுப்பாக ஒரு தடம் இருக்கும், அங்கேதான்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணி புகுந்ததால் தரையை உயர்த்திவிட்டோம். இப்போ வாசலில் ஆறு அங்குலத்தில் அஞ்சு படி. அப்பாவால் ஏற முடியவில்லை. சரிவுப் பாதை போடலாமா?

ஆத்துப்பக்கத் தெருக்களில் இந்தக் கேள்வி இப்போ நிறைய வருது. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும், அதைவிடக் குறைந்தால் சக்கர நாற்காலி தள்ளுகிறவருக்கே மூச்சு வாங்கும். அஞ்சு படி என்றால் முப்பது அங்குலம், அதாவது முப்பது அடிப் பாதை, எதிர்வீட்டு வாசலுக்கே போய்விடும். அப்பா நடக்கிறவர்தானே? அஞ்சு படியை ஆறாக்குங்க, ஒவ்வொன்றும் 5 அங்குல உயரம், பாதம் முழுசாகப் பதிய 12 அங்குல அகலம். இரண்டு பக்கமும் கைப்பிடி, அது கடைசிப் படியைத் தாண்டியும் ஒரு அடி நீளட்டும். முக்கியமாக, எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்கணும். கொத்தனார் கணக்குத் தப்பிய மிச்சத்தை எல்லாம் கடைசிப் படியில் தள்ளிவிடுவார், கால் இடறுவது அங்கேதான். டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்க.

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் பழைய நீள வீடு, கக்கூஸ் புறவாசலில். மாமாவுக்கு ராத்திரி இரண்டு மூன்று தடவை போகணும். எதையும் இடிக்க விடமாட்டேங்கிறார்.

இடிக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் நீங்களே கட்டிலிலிருந்து அங்கே நடந்து பாருங்க: நிலைப்படி, முற்றத்து ஓரம், பாத்திரம் கழுவுகிற அங்கணத்து ஈரம், எத்தனை இடத்தில் கால் தயங்குகிறது என்று தெரியும். அங்கெல்லாம் ஆள் வந்தால் தானே எரிகிற சின்ன விளக்கு மாட்டுங்க. நிலைப்படி விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடு. குத்துக்கால் கக்கூஸ் என்றால் அதன் மேலேயே வைக்கிற கமோடு நாற்காலி கிடைக்கிறது, பீங்கானை மாற்ற வேண்டியதில்லை. அப்புறம், உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி மாற்றுங்க, கதவும் வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் திறக்கவே முடியாது.

கேள்வி: வழவழ டைல்ஸை மாற்றாமல் சமாளிக்க வழி?

நடுவீட்டில் சாக்கு மிதியடிகளை எடுத்துவிடுங்க, அதுதான் முதல். பாத்ரூமில் மட்டும் சொரசொரப்பு டைல்ஸ் போடுங்க, போர் தண்ணி உப்புப் படிவை வாரம் ஒரு தடவை தேயுங்க.

கேள்வி: ஆச்சி பத்தமடைப் பாயில்தான் படுப்பேன் என்று அடம்.

தரையிலிருந்து யார் உதவியும் இல்லாமல் எந்திரிக்கிறாங்களா என்று பாருங்க. எந்திரிச்சால் பக்கத்தில் கனமான நாற்காலி ஒன்று போட்டு விட்டுவிடுங்க. முடியவில்லை என்றால் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிகிற உயரத்தில் கட்டில் போட்டு, அதன் மேல் அதே பாயை விரியுங்க.