குறியும் பகடையும்: ஆயுதச் சமநிலை பற்றிய கேள்வி பதில்

மேசைப் போர் விளையாட்டு உருவாக்குபவர்கள் கேட்டவற்றில், ஆயுதம், குறி, பகடை சார்ந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

வில்லாளி: என் விளையாட்டில் வில்லுக்குக் குறி படும் வாய்ப்பு 90 சதவீதம், சேதம் 4. கோடரிக்கு 45 சதவீதம், சேதம் 8. இரண்டுக்கும் சராசரி 3.6 வருகிறது. சமநிலை சரிதானே?

பதில்: சரியில்லை. சராசரியை மட்டும் பார்த்து ஆயுதம் செய்யாதீர்கள். எதிரில் நிற்பவன் யார் என்று பாருங்கள். 4 உயிர்ப்புள்ளி உள்ள காலாளை ஒரே அடியில் சாய்க்க வில்லுக்கு 90 சதவீதம், கோடரிக்கு 45. அதுவும் பட்டால் கோடரியின் பாதிச் சேதம் வீண். 8 புள்ளி வீரன் என்றால் கதை வேறு. முதல் அடியிலேயே முடிக்கக் கோடரிக்கு 45 சதவீதம் உண்டு, வில்லுக்கு வழியே இல்லை. இரண்டாவது அடி முடிகையில் வில் 81, கோடரி ஏறத்தாழ 70. அவசரக்காரன் கோடரியை எடுப்பான், பொறுத்திருப்பவன் வில்லை எடுப்பான். இந்த வேறுபாடு அருமையானது, கெடுத்துவிடாதீர்கள்.

கெடுப்பது கவசம். ஒவ்வோர் அடியிலும் சேதத்தில் 2 குறைக்கும் கவசம் இருந்தால் வில்லின் சராசரி 1.8 ஆகிறது, கோடரியுடையது 2.7. எதிரிகளில் பெரும்பாலோர் கவசம் அணிந்திருந்தால் வில்லை எவரும் தொடமாட்டார்கள். எதிரிகளின் பட்டியலை முடிவு செய்தபின் ஆயுதப் பட்டியலைத் தொடங்குங்கள்.

புதியவர்: இருபது முகப் பகடை ஒன்றா, ஆறு முகப் பகடை இரண்டா?

பதில்: இருபது முகத்தில் விழுந்த எண்ணோடு ஒன்று கூட்டும் +1 என்பது எங்கே கொடுத்தாலும் 5 சதவீதம்தான். இரண்டு பகடைகளின் கூட்டலில் அப்படியல்ல. 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் வாய்ப்பு 41.7 சதவீதம், +1 கொடுத்தால் 58.3. 12 விழுந்தே ஆக வேண்டிய இடத்தில் அதே +1 வாய்ப்பை 2.8-இலிருந்து 8.3-க்குத்தான் ஏற்றுகிறது. தூரம், மறைவு, ஓட்டம் என்று நிறையக் கூட்டிக் கழிக்கும் விதிகளுக்கு இருபது முகம். ஒன்றிரண்டு மாற்றங்கள் மட்டும் இருந்து, அவை உறைக்க வேண்டுமென்றால் இரண்டு பகடை.

குறிவீரன்: 70 சதவீத வாய்ப்புள்ள என் வீரன் தொடர்ந்து மூன்று முறை தவறவிட்டான். பகடையில் கோளாறா?

பதில்: இல்லை. குறிப்பிட்ட மூன்று சூடுகள் தவறும் வாய்ப்பு 2.7 சதவீதம். ஆட்டம் முழுவதும் 40 முறை சுட்டால், எங்காவது ஓரிடத்தில் மூன்று தொடர்ந்து தவறும் வாய்ப்பு பாதிக்கும் மேல்.

மணல்மேடு: 75 சதவீதம், மூன்று தவறல். இது இயல்பா?

பதில்: மேலே உள்ளதைப் படியுங்கள்.

இரும்புக்கை: 80 சதவீதம்...

பதில்: பகடை ஒரு பாவமும் அறியாது. இந்தக் கேள்வி இத்துடன் போதும்.

படைத்தலைவர்: பட்டதா, காயமா, கவசம் காத்ததா என மூன்று முறை உருட்ட வைக்கலாமா?

பதில்: படுவதற்கு மூன்றில் இரண்டு, காயத்துக்குப் பாதி, கவசம் காக்காமல் போவதற்கு மூன்றில் இரண்டு என்று வைத்தால் பெருக்கி வருவது 22 சதவீதம். இருபது பகடைகளை ஒன்றாக உருட்டும் படைக்கு அது பொருந்தும். தனி வீரன் ஒருவனுக்கு, மூன்று முறை உருட்டிப் பெரும்பாலும் ஒன்றும் நடக்காமல் போகும். இங்கும் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், ஆட்டக்காரர் காத்திருக்கும் நேரத்தையும் பாருங்கள்.

கட்டையன்: மறு உருட்டல் யாருக்கு அதிகம் பயன்படும்?

பதில்: 50 சதவீதக்காரனுக்கு. அவன் 75-க்குப் போகிறான். 90 சதவீதக்காரன் 99-க்கு மட்டுமே போகிறான்.

சதுரங்கன்: இவ்வளவு கணக்கு எதற்கு? பகடையைத் தூக்கி எறியுங்கள். அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் ஆகாது.

பதில்: 1824-இல் வெளியான ரைஸ்விட்சின் போர் விளையாட்டு பிரஷ்ய ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி. அதில் சூட்டின் விளைவைப் பகடை தீர்மானித்தது. குண்டு எங்கே விழும் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் கட்டளையிடுவதும் ஒரு திறமைதானே?

சதுரங்கன்: 1913-இல் எச். ஜி. வெல்ஸ் வெளியிட்ட விதிகளில் பீரங்கிச் சூட்டுக்குப் பகடையே இல்லையே!

பதில்: இல்லைதான். சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் பொம்மை வீரர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். தவறுவது அப்போதும் தவறும். கை நடுக்கம் பகடையின் வேலையைச் செய்தது.

சதுரங்கன்: 1959-இல் வந்த டிப்ளமசி என்ற மேசை விளையாட்டில் அதுவும் கிடையாது. எதிராளி ரகசியமாக எழுதிய கட்டளையே போதும்.

பதில்: இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே தனி வீரனின் குறிக்கே இடமில்லை. கேட்க வேண்டியது வேறு: தற்செயல் முடிவெடுக்கும் முன் வருகிறதா, பின் வருகிறதா? கையில் வந்த சீட்டைப் பார்த்துத் திட்டமிடுகிறவன் விதியை நொந்துகொள்வது குறைவு. திட்டம் முடிந்தபின் உருளும் பகடையைத்தான் எல்லோரும் சபிக்கிறார்கள்.

வில்லாளி: அப்படியானால் இரண்டு பகடைகளின் 36 விளைவுகளையும் சீட்டுகளாக்கி ஒவ்வொன்றாக எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். தவறலின் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்கும். ஆனால் சீட்டுகளை எண்ணி வைத்திருப்பவன், நல்லவை மட்டும் மிஞ்சியிருக்கும்போது பெரிய பீரங்கியை வெளியே எடுப்பான். கலைத்ததும் ஐந்து சீட்டுகளைப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். 31 முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி கலைக்கட்டும்.