மறதிக்கு வைட்டமின் ஈ மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. சொன்னதையே திரும்பச் சொல்கிறார், பழகியவர்கள் பெயர்கூட மறந்துபோகிறது. வைட்டமின் ஈ, செலினியம் கலந்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை ஞாபகசக்தியைக் காப்பாற்றும் என்கிறார்கள். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். கூடவே இதையும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். மூளை ஏகப்பட்ட ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது, அதில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களைக் கெடுக்கின்றன, ஆன்டி-ஆக்ஸிடன்ட் அவற்றை அடக்கும், ஆகவே மாத்திரை போட்டால் மறதி வராது என்று சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 'ஆகவே'தான் சோதனையில் தேறவில்லை. 60 வயது தாண்டிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நீங்கள் சொல்லும் இதே இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவு: இரண்டுமே டிமென்ஷியாவை, அதாவது மறதி நோயை, தடுக்கவில்லை. இந்த ஆண்களையும் உள்ளடக்கிய இன்னும் பெரிய ஆய்வில், தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது வேறு! ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் ரத்தக்கசிவு பயமும் உண்டு.

ஒரு விதிவிலக்கு. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் இருப்பது உறுதியானவர்களுக்கு தினமும் 2000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தபோது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் குறைவது கொஞ்சம் மெதுவானது என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஞாபகம் தேறவில்லை. அதுவும் டாக்டர் பார்த்துத் தரவேண்டிய அளவு.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது மெட்ஃபார்மின்தான். நெடுநாள் எடுத்தால் அது உடலில் பி12-ஐக் குறைக்கும், பி12 குறைந்தால் மறதி, குழப்பம், கால் மரத்துப்போவது எல்லாம் வரும். அசிடிட்டி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும். அதோடு தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா? காதில் விழாததைத்தான் பல வீடுகளில் மறதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தூக்க மாத்திரை, ஜலதோஷத்துக்கு அவராகவே வாங்கிப் போடும் மாத்திரை, இவையும் வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும்.

அப்பா சாப்பிடும் அத்தனை மாத்திரை அட்டைகளையும், சிரப், சொட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழகிய தெருவிலேயே வழி தவறுகிறார், பணக் கணக்கில் குழம்புகிறார் என்றால் இந்த வாரமே போங்கள்.