மயோஃபேஷியல் ரிலீஸ் கற்றுக்கொள்ள 2 நாள் பயிற்சி வகுப்பு போதுமா?

பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்துவிட்டு கிளினிக் தொடங்கப் போகிறேன், தசையைச் சுற்றியிருக்கிற ஃபேஷியா என்ற சவ்வின் இறுக்கத்தைக் கையால் தளர்த்தும் இந்தச் சிகிச்சைக்கு 2 நாள் வகுப்பு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. குடியாத்தத்தில் 11 வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். நானும் அப்படி ஒரு வகுப்பிலிருந்து வந்தவன்தான்.

ஆட்டுத்தொடை வாங்கும்போது கறிக்கடையில் ஒரு வெள்ளைச் சவ்வை உரித்துப் போடுவார்களே, ஃபேஷியா அதுதான். அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும், அழுத்தி உடைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊருக்கு வந்ததும், கழுத்துவலியோடு வந்த பீடி சுற்றும் அக்கா ஒருவரின் தோளில் முழங்கையை ஊன்றி உடைத்தேன். மறுநாள் வந்து நின்றார். "இன்னா தம்பி இது, ஊட்டுக்காரர் அடிச்சாரான்னு கேக்குறாங்க." தோள் கன்றி நீலம் பாரித்திருந்தது. வலி அப்படியே இருந்தது.

அப்புறம்தான் படிக்கத் தொடங்கினேன். 2008இல் வந்த ஒரு கணித ஆய்வின்படி, தொடைப் பக்கமும் உள்ளங்காலிலும் இருக்கிற தடித்த ஃபேஷியாவை 1 சதவீதம் அமுக்குவதற்கே நம் கைக்கு மீறிய விசை வேண்டுமாம். அப்படியானால் உடைப்பது எங்கே? ஃபேஷியாவில் நரம்பு முனைகள் ஏராளம். மெதுவாகத் தொட்டால் அவை வழியாக நரம்பு மண்டலம் இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்ற விளக்கம்தான் என் கைக்கு ஒத்துவருகிறது.

இப்போது என்னிடம் 2 ஜூனியர்கள் இருக்கிறார்கள். முதல் மாதம் நோயாளியைத் தொட விடமாட்டேன். ஒருவர் முன்கையில் மற்றவர் உள்ளங்கையை வைத்து, தோலை நாலு பக்கமும் லேசாக நகர்த்தி, எந்தப் பக்கம் தயங்குகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே 2 நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். எண்ணெய் கிடையாது, தடவக் கூடாது. கேட்க எளிது. 40 விநாடியில் கை தானாகத் தேய்க்கப் போய்விடும். படுத்திருப்பவர்தான் அங்கே ஆசிரியர், "அவசரப்படுறே" என்று உடனே சொல்லிவிடுவார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், கெண்டைக்கால் திடீரென வீங்கி வலிக்கிறவர் என்று யாரைத் தொடக் கூடாது என்பதையும் அந்த மாதத்திலேயே சொல்லிவிடுவேன்.

அந்த அக்காவுக்குக் கடைசியில் வலி குறைந்தது. அதில் என் கை பாதி. மடியில் தலையணை வைத்து முறத்தை உயர்த்தியதும், அரைமணிக்கு ஒருமுறை எழச் சொன்னதும் மீதிப் பாதி.

வகுப்புக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கட்டுமுன் போன் போட்டு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். "நாற்பது பேர் சார், ஆனா எல்லாருக்கும் சர்டிபிகேட் உண்டு" என்றால், அந்தப் பணத்தில் கிளினிக்குக்கு நல்ல கட்டில் ஒன்று வாங்கிப் போடுங்கள்.